கடலுக்குள் விட்ட செம்புக் கம்பி

பிப்ரவரி 16, 2025, ஞாயிறு

இரைச்சல் என்றதும் கண்டென்சர்தான் என்று முடிவு கட்டி, போன வாரம் இரண்டை மாற்றினேன். அதற்கு முன் வால்யூமைப் பூஜ்யத்துக்குத் திருப்பிக் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் மாலை வகுப்பில் சொல்லித்தந்த முதல் சோதனையே அதுதான். நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. செய்யவில்லை.

ஆம்ப்ளிஃபையர் என்னோடு படிக்கும் இனிகோ அண்ணனுடையது. பழசு, கரண்டிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். அண்ணன் சங்கு குளிக்கிறவர். இடது காதில் சவ்வு கிழிந்துவிட்டது. இனிமேல் முங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் கடலடிப் பாறைத்திட்டை (அவர்கள் பேச்சில் 'பார்') கண்டுபிடிப்பது அண்ணன்தான். அதன் ஓரத்து மணலில் சங்கு கிடக்கும். மண் மூடி மூடி இடம் மாறுவதால் ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்தாலும் பயனில்லை. பாருக்கு மேலே வந்து முங்கினால் தண்ணிக்குள் கடுகு பொரிகிற மாதிரி கேட்கும் என்கிறார். அதை வள்ளத்தில் உட்கார்ந்தே கேட்கத்தான் ரெசினில் மூடி ஒரு மைக் செய்திருக்கிறார். கரையில் போட்டுப் பார்த்தால் கேட்பதென்னவோ 'ம்ம்ம்' மட்டும்தான். இன்றைக்கும் சரியாகாவிட்டால் நாளை தானே இறங்குவதாகச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. சாயங்காலம் ஐஸ் கம்பெனிக்குப் பக்கத்துப் படித்துறையில் வள்ளம் கட்டிக் கிடந்தது. பேட்டரியில் போட்டோம். மைக்கைத் தண்ணிக்குள் விட்டோம். அதே 'ம்ம்ம்'.

அண்ணனின் தம்பி மனுவேல் சிரித்தார். "என்னண்ணே, பொட்டிக்குள்ள வண்டு வளக்கியளா?"

"ஏலே, சும்மா கெட."

அந்த 'ம்ம்ம்' வீட்டுக் கரண்டில் வருகிற இரைச்சல், பெட்டியோ பேட்டரியில் ஓடுகிறது. கரண்டே இல்லாமல் கரண்டின் இரைச்சல் எப்படி வரும்? வால்யூமைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன். சுத்தமாக நின்றது. அப்படியென்றால் பெட்டிக்குள் கோளாறு இல்லை. நான் கழற்றிப் போட்ட பழைய கண்டென்சர்களும் நல்லவையே. இரைச்சல் வெளியிலிருந்து வருகிறது.

மேலே பார்த்தேன். ஐஸ் கம்பெனிக்குப் போகும் வயர்கள். மறுபடி வால்யூமைக் கூட்டி, கடைசிப் படியில் கணுக்கால் தண்ணியில் நின்றபடி பெட்டியின் தகரத்தைத் தொட்டேன்.

இரைச்சல் பாதியானது.

கையை எடுத்தேன், கூடியது. தொட்டேன், குறைந்தது. என் உடம்பு வழியாக ஏதோ கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வயர்களைச் சுற்றியிருந்த வெற்றிடம் வெற்றிடமே இல்லை, கரண்டின் அதிர்வு அதில் நிறைந்திருந்தது. இத்தனை நாள் அதற்குள்தான் நடந்திருக்கிறேன்.

"அண்ணே, செம்புக் கம்பி இருக்கா?"

ஒரு முனையைப் பெட்டியின் திருகாணியில் இறுக்கினேன். மறுமுனையைச் சுரண்டித் தண்ணிக்குள் விட்டேன்.

'ம்ம்ம்' அறுந்து போனது. அது போன இடத்தில் மெல்லமாக, பிறகு எங்கும், பொரிய ஆரம்பித்தது. ஆயிரம் சொடக்குகள். ஒன்று அடங்குமுன் நூறு.

மனுவேல் சிரிப்பை நிறுத்திவிட்டார். "என்னதுண்ணே இது?"

"படித்துறைக் கல்லிடுக்குல கெடக்க றாலு. கொடுக்கைச் சொடுக்குது. பாருன்னா இன்னும் பெருசாக் கேக்கும்." அண்ணன் வலது காதை ஸ்பீக்கரில் வைத்திருந்தார். கண் மூடியிருந்தது. "கீழ இருக்கும்போது கேக்கிறது இதேதான் தங்கச்சி. மூச்சு மட்டுந்தான் முட்டல."

கல்லைவிட்டு வள்ளத்தைத் தள்ளி, அடியில் வெறும் மணலாயிருந்த இடத்துக்குக் கொண்டுபோனோம். பொரிவது குறைந்தது. திரும்பக் கல்லருகே வந்தோம், கூடியது. மூன்று தடவை பார்த்தேன். மூன்றும் சரி. இருந்தும் இது படித்துறை. வெளிக்கடலில் வயர்கள் இல்லை, ஆனால் வள்ளத்து இன்ஜின் உண்டு; அங்கே எப்படியோ தெரியவில்லை.

தட்டையாகத்தான் கிடந்தது தண்ணி. அதற்கடியில் இவ்வளவு பேச்சு.

"ஏலே மனுவேலு," என்றார் அண்ணன், பெட்டியிலிருந்து காதை எடுக்காமலே. "நாளைக்கு நீ எறங்கு. நான் மேல இருந்து சொல்லுதேன்."

அலை அடித்ததில் கம்பி நுனி இரண்டு தடவை தண்ணியை விட்டு மேலே வந்தது. அப்போதெல்லாம் இரைச்சலும் திரும்ப வந்தது.

நாளை: நுனியில் உள்ளங்கை அகலத்துக்குச் செம்புத் தகடு பற்றவைத்து, கூடவே ஒரு ஈயக்குண்டும் கட்டி, ஆறு மணிக்குள் வள்ளத்தில் கொடுக்க வேண்டும்.