நாற்பத்துமூன்று வசவுகளும் என் பெயரும்

காலை பத்து மணிக்கு, ரொட்டிக்குள் வைத்த அக்காரா வடையை நான் பாதி கடித்திருந்தபோது, அலுவலகத்தில் இருந்த பதினொரு பேரின் திரையிலும் ஒரே அறிக்கை வந்து விழுந்தது. எங்கள் கணினி நிரலில் நாற்பத்துமூன்று வசவுகள் இருக்கின்றனவாம். எழுதியவர் என்ற கட்டத்தில் நாற்பத்துமூன்று முறையும் ஒரே பெயர்தான் இருந்தது. மொரெனிகேஜி ஒகுன்லேயே. அடியேன்தான்.

வாயில் இருந்த வடை உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"கேஜி!" என்று கூவினான் பக்கத்து மேசை ஒசாஸ். பெனின் நகரத்துக்காரன், எதற்கும் சத்தமாகத்தான் பேசுவான். "அடிப்பாவி, உனக்குள்ள இவ்வளவு சரக்கா? 'ஆட்டு மூளைக்காரா, இதை எழுதுறப்போ உன் மண்டையில கரண்ட் இல்லையா'ன்னு எழுதியிருக்கியே! வந்து அஞ்சு மாசம்கூட ஆகல!"

"நான் எழுதலடா!"

"பேர் போட்டிருக்கே?"

போட்டிருந்ததுதான். லாகோசிலிருந்து இபாடானுக்கும் பெனினுக்கும் எனுகுவுக்கும் போகிற பேருந்துகளில் இருக்கை பதிவு செய்யும் நிரல் எங்களுடையது. நாடு முழுக்கப் பேருந்து ஓட்டும் ஒரு பெரிய கம்பெனி அதை எடுத்துக்கொள்ள முன்வந்திருந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நிரலை வரிவரியாகப் படித்துப் பார்க்க மேடம் இன்யாங் என்ற அம்மாவை நியமித்தார்கள். வரிகளுக்கு நடுவே நாங்கள் எழுதி வைக்கும் குறிப்புகளைக் கணினி கண்டுகொள்ளாது, மனிதர்கள்தான் படிப்பார்கள். இந்த அம்மா ஒன்றுவிடாமல் படித்துவிட்டார்.

என் பெயர் எப்படி வந்தது என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், நல்ல பெயர் வாங்கும் ஆசையில், மொத்த நிரலையும் ஒழுங்குபடுத்தும் ஒரு கருவியை ஓட்டினேன். வரிகளின் ஓர இடைவெளிகளை அது நேராக்கும், அவ்வளவுதான். ஆனால் எந்த வரியைக் கடைசியாக யார் தொட்டார் என்று ஒரு பதிவு இருக்கிறதே, அதில் எல்லா வரிக்கும் நேரே என் பெயர் ஏறிவிட்டது. வீட்டைக் கூட்டப் போனவளின் தலையில் வீட்டுக் குப்பை முழுவதையும் கொட்டிவிட்டார்கள்.

ஓகா கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. ஓகா என்றால் முதலாளி. எங்கள் ஓகா ஒலுமுயிவா, இந்தக் கம்பெனியைத் தொடங்கியவர். தேவாலயத்தில் டீக்கன். திங்கள்கிழமைக் கூட்டத்தை ஜெபத்தோடு தொடங்குவார். ஒருமுறை பிரிண்டரைப் 'பைத்தியம்' என்று திட்டியதற்கு என்னை நிற்க வைத்து அரைமணி நேரம் நாவடக்கம் பற்றிப் பேசினார். பிரிண்டர் அப்போதும் வேலை செய்யவில்லை.

எங்கள் வழக்கப்படி அவர் முன்னால் முழங்காலை மடித்து வணக்கம் சொன்னேன். அன்று பாதிதான் மடிந்தது.

"பன்னிரண்டு மணிக்கு அந்த அம்மா வர்றாங்க," என்றார் ஓகா, மேசையைப் பார்த்தபடி. "எழுதினவங்க மேல என்ன நடவடிக்கைன்னு கேப்பாங்க. உன்னை வேலையை விட்டு அனுப்பியாச்சுன்னு சொல்றதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல, கேஜி."

"ஓகா, நான் இடைவெளிதான் சரி பண்ணேன். அந்தக் கருவியை ஓட்டச் சொல்லி அனுமதி கொடுத்ததே நீங்கதானே!"

"அப்போ யார் எழுதினா? பேர் சொல்லு. பன்னிரண்டு மணிக்குள்ள சொல்லு."

என் முகத்தை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இந்த வேலை கிடைக்க நான் பதினான்கு மாதம் அலைந்திருக்கிறேன். சுருலேரேயில் என் தம்பியும் நானும் இருக்கும் ஒற்றை அறையும் அவனுடைய படிப்பும் இதில்தான் ஓடுகின்றன. எவனோ எழுதிய வசவுக்கு நான் வீட்டுக்குப் போக வேண்டுமா? கோபத்தில் காதெல்லாம் சுட்டது.

ஓடிவந்து பதிவைத் தோண்டினேன். என் பெயருக்கு அடியில் பழைய பெயர் இருக்குமே! இருந்தது. நாற்பத்துமூன்றிலும் 'ஆஃபீஸ் லேப்டாப்' என்று இருந்தது.

ஒசாஸ் தலையில் கை வைத்தான். "போச்சு. ஆரம்ப காலத்துல அஞ்சு பேருக்கும் ஒரே மடிக்கணினிதான். கரண்ட் போனா பேட்டரி நிக்கிறது அது ஒண்ணுதான்னு மாத்தி மாத்தி உக்காந்து எழுதுவாங்களாம். எவன் எழுதினாலும் அந்தப் பேர்தான் விழும்."

அந்த ஐந்து பேரில் நான்கு பேர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். நால்வருக்கும் செய்தி அனுப்பினேன். அங்கே விடியற்காலை, எவரும் எழுந்திருக்கவில்லை. ஐந்தாவது ஆள் ஓகா. பிரிண்டருக்காக வருத்தப்பட்ட மனிதரைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

மணி பத்தே முக்கால். பெயர் கிடைக்காவிட்டால் எழுத்தாவது ஏதாவது சொல்லட்டும் என்று வசவுகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். படிக்கப் படிக்க, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என்ன வளம்! வங்கிக்கு ஒன்று, தொலைபேசிக் கம்பெனிக்கு ஒன்று, தேதியைக் கண்டுபிடித்தவனுக்கு ஒன்று. ஓரிடத்தில் 'இதற்கு மேல் படிக்கிறவனுக்கு' என்று எழுதி, எங்கள் ஊரில் பெரிய அவமதிப்பான, ஐந்து விரலை விரித்து முகத்துக்கு நேரே காட்டும் கையையே குறிகளால் வரைந்து வைத்திருந்தான் அந்தப் புண்ணியவான்.

நாற்பத்துமூன்றாவது மட்டும் வசவு இல்லை, சாபம்.

'இந்த வரியைத் தொடுகிறவன் வேலை தலை நரைப்பதற்குள் போகட்டும். அவன் அறைக்குள் நுழைந்தால் கரண்ட் வெளியே போகட்டும். அவன் பல்லிடுக்கில் சிக்கிய இறைச்சி ஞாயிற்றுக்கிழமை வரை வராதிருக்கட்டும்.'

ஒசாஸ் நாற்காலியோடு இரண்டடி பின்னால் நகர்ந்தான். "இயேசுவே! கேஜி, நீ இதைத் தொட்டிருக்கே. இப்போ வேலை போகுது. பலிச்சிருச்சு!"

"வாயைக் கழுவு!"

"சும்மா சொல்லல. நான் மூணு வருஷமா இந்தப் பக்கத்தையே திறக்கிறதில்ல. யாரும் திறக்கிறதில்ல. சாபத்தை வச்சவன்தான் எடுக்கணும், அதுவும் வாயைத் திறந்து சொல்லி எடுக்கணும். தெரியாதா உனக்கு?"

தெரியும். எங்கள் ஊரில் வசவை யாரும் மதிக்க மாட்டார்கள், பேருந்தில் ஏறி இறங்குவதற்குள் பத்து வாங்கலாம். சாபத்துக்கு எல்லோரும் பயப்படுவார்கள். எனக்கும் பயம்தான். ஆனால் ஏற்கெனவே சபிக்கப்பட்டவளுக்கு இனி என்ன பயம்? அந்த வரியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்தேன்.

மூன்று வினாடி சும்மா இரு என்று கணினிக்குச் சொல்லும் வரி அது. பணம் கட்டியாயிற்று என்று வங்கி சொன்னதும் மூன்று வினாடி காத்திருந்து, பிறகுதான் இருக்கையைத் தரும். ஏன் என்று எங்கும் எழுதவில்லை.

என் கணினியில் சோதனைக்கு வைத்திருந்த நகலில் வரியை எடுத்துவிட்டு, எனுகு பேருந்துக்கு நூறு பொய்ப் பயணிகளை விட்டேன். பதினான்காம் எண் இருக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். வரியைத் திரும்ப வைத்தேன், ஒருவர்தான். எடுத்தேன், மறுபடி இரண்டு பேர். ஜிபோவு பேருந்து நிலையத்தில் ஒரே இருக்கைக்கு இரண்டு பெண்கள் தலைத்துணி அவிழச் சண்டை போடுவது என் கண்முன்னே தெரிந்தது.

வங்கியிலிருந்து வந்த பதில்களை வரிசையாக விரித்துப் பார்த்தேன். பார்த்ததும் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டேன். "ஒசாஸ்! ரெண்டு தடவைடா! வங்கி ஒரே பதிலை ரெண்டு தடவை அனுப்புது! ரெண்டாவது பதில் ரெண்டரை வினாடி கழிச்சு வருது. காத்திருக்காம இருக்கையைக் கொடுத்தா, ரெண்டாவது பதிலைப் பார்த்து அதே இருக்கையை அடுத்த ஆளுக்குக் கொடுத்திடுது! மூணு வினாடி நின்னா ரெண்டு பதிலும் வந்து ஒண்ணாச் சேர்ந்துடுது!"

"ஹே! உனக்கு வேலை போகுது, நீ ஆடுறே!" என்றான் அவன். ஆனால் அவனும் எழுந்து வந்து பார்த்தான், பார்த்ததும் அவனும் ஆடினான். வேலை போகிறதென்பதை ஒரு நிமிடம் நான் உண்மையாகவே மறந்திருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மேடம் இன்யாங் வந்தார். அறுபது வயதிருக்கும், கண்ணாடியை மணிச்சரத்தில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். எங்கள் எல்லோரையும் உட்கார வைத்தார்.

"நீதான் அந்த மொரெனிகேஜியா?" என்றார். "பதினேழாவது வசவுக்கு அர்த்தம் கேட்டு என் டிரைவர்கிட்ட போனேன். அது யோருபா மொழி, அவரும் யோருபாக்காரர். சொல்ல மாட்டேன்னு காரை விட்டு இறங்கிட்டார்."

ஒசாஸ் சிரிப்பை இருமலாக மாற்றினான். ஓகா தொண்டையைக் கனைத்தார். "மேடம், நடந்ததுக்கு வருத்தப்படறோம். சம்பந்தப்பட்டவங்க இன்னிக்கே..."

"இருங்க," என்றார் அந்த அம்மா. "நான் துறைமுகத்துல இருபது வருஷம் வேலை பார்த்தவ. கெட்ட வார்த்தையால என் காது அறுந்து விழுந்திடாது. ஆனா ஒண்ணு, ஒருத்தர் எங்க திட்டி வச்சிருக்காரோ, அங்க ஏதோ கோளாறு இருக்கு. நாப்பத்துமூணாவது இடத்துல சாபமே விட்டிருக்கே. அங்க என்னம்மா கோளாறு? எழுதின நீ சொல்லு."

"நான் எழுதல, மேடம். யார் எழுதினாங்கன்னும் எனக்குத் தெரியல." எழுந்து நின்றேன். "ஆனா என்ன கோளாறுன்னு தெரியும்."

திரையில் காட்டினேன். வரியை எடுத்தால் பதினான்காம் இருக்கையில் இரண்டு பேர், வைத்தால் ஒருவர். வங்கியின் முதல் பதில் இது, இரண்டாவது பதில் இது, நடுவில் இரண்டரை வினாடி...

"ரெண்டு தடவையா அனுப்புறான்?"

கத்தியது ஓகா. நாற்காலி பின்னால் சாய, திரைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். கண் இரண்டும் ஜொலித்தன. "ரெண்டரை வினாடி! அடச் சே! அதான் ரெண்டு வச்சப்போ பத்தல! மூணு வச்சதும் நின்னுச்சு! ஏன் நின்னுச்சுன்னு ஏழு வருஷமா என் மண்டை..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். காலம் கடந்துவிட்டது. மற்ற பத்துப் பேரும் மேடம் இன்யாங்கும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"டீக்கன்," என்றார் மேடம் இன்யாங், மிக மெதுவாக. "ரெண்டு வச்சுப் பார்த்தது யாரு?"

ஓகா நெற்றியைத் துடைத்தார். முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"நான்தான். எல்லாமே நான்தான் எழுதினேன். அப்போ இருபத்தாறு வயசு. டீக்கனும் இல்ல, ஒண்ணும் இல்ல. மத்த நாலு பேரும் என்னைப் பெரிய மேதைன்னு நினைச்சுட்டிருந்தாங்க. அந்த வரி எப்படி வேலை செய்யுதுன்னு எனக்கே புரியல. புரியலன்னு எழுத வெக்கமா இருந்துச்சு. யாரும் கேள்வி கேட்கக் கூடாதுன்னு திட்டி வச்சேன். இதுக்கு மட்டும் ரொம்பப் பயம், அதான் சாபம்."

"காலையிலேயே உங்களுக்குத் தெரியுமா, ஓகா?" என்று கேட்டேன்.

"தெரியும். வாயைத் திறக்கத் தைரியம் வரல. மன்னிச்சுடு, கேஜி."

நான் மன்னிக்கவில்லை. அதற்கு எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அப்போது எனக்கு வேறொன்று வேண்டியிருந்தது.

"சாபத்தை எடுங்க," என்றேன். "வச்சவர்தான் எடுக்கணும். சத்தமா."

ஓகா மேடத்தைப் பார்த்தார். "என்னை ஏன் பாக்கறீங்க? எங்க ஊர்லயும் அப்படித்தான்," என்றார் அவர்.

டீக்கன் எழுந்து நின்றார். "நான் ஒலுமுயிவா. என் வாயால வச்சதை என் வாயாலயே எடுக்கறேன். இந்தப் பெண்ணோட வேலை நிலைக்கட்டும்."

"ஆமின்!" என்றோம் எல்லோரும். ஒசாஸ் சொன்னது தெருவுக்கே கேட்டிருக்கும்.

"இவ எங்க போனாலும் கரண்ட் இருக்கட்டும்."

"ஆமின்!"

சொல்லி முடிக்கவில்லை, கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. ஒசாஸ் கதவுவரை ஓடிவிட்டான். மேடம் இன்யாங் கண்ணாடி மணிச்சரம் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன், ஓகாவும் சிரித்தார், கீழே யாரோ ஜெனரேட்டரை இழுக்கும் சத்தம் கேட்கும்வரை ஒருவராலும் நிறுத்த முடியவில்லை.

"மிச்சம் நாப்பத்திரண்டு இருக்கு," என்றார் மேடம், கண்ணைத் துடைத்தபடி. "ஒவ்வொண்ணுக்கும் கீழ என்ன கோளாறுன்னு நீங்க சொல்லணும், இவ சரி பண்ணணும். அதுக்கப்புறம்தான் என் கையெழுத்து. இவ இல்லாட்டி நானும் இல்ல."

ஓகா என் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தார். பேட்டரி இருந்தது. சாபத்தை அழித்தார். அந்த இடத்தில் இப்படி எழுதினார்: 'மூன்று வினாடி ஏன் என்று எனக்குப் புரியவில்லை. மொரெனிகேஜி கண்டுபிடித்தாள். வங்கி இரண்டு முறை பதில் அனுப்புகிறது.'

சேமிக்கும் முன் ஒரு நிமிடம் யோசித்தார். என் கணினியில் என் பெயர்தானே விழும். அதை மாற்றித் தன் பெயரைக் கொடுத்துவிட்டுச் சேமித்தார்.

நான் பதிவைத் திறந்து பார்த்தேன். அந்த வரிக்கு நேரே, ஏழு வருடத்தில் முதல் முறையாக, ஒலுமுயிவா என்று இருந்தது.