இன்னொரு ஆள் வேண்டாத வேலை

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. கேள்வியையே முதலில் வைத்துவிடுகிறேன்.

மலை உச்சியில் ஒரு சுனை. அதற்கு நாற்பதடி கீழே, ஒருவன் தங்கக்கூடிய பாறை இடுக்கு. அவனிடம் அறுபதடி ரப்பர் குழாய் இருக்கிறது. ஆள் ஒருவன்தான். சுனைத் தண்ணீர் குழாய் வழியாகத் தானே கீழே வர வேண்டும். என்ன செய்வது?

தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தானே வரும், இதில் என்ன சிக்கல் என்பீர்கள். சுனை ஒரு கிண்ணம். மழைக்காலத்தில் விளிம்புவரை தளும்பும். கோடையில் நீர் இறங்கி இறங்கி, விளிம்புக்கு ஓர் ஆள் உயரம் கீழே போய்விடும். கீழே வருவதற்கு முன் தண்ணீர் முதலில் அந்த ஓர் ஆள் உயரம் மேலே ஏறியாக வேண்டும். சிக்கல் அங்கேதான்.

கேள்வியைக் கொண்டுவந்தவர் பிரிஜெட். முப்பது வயதிருக்கும். 1959 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நேராக, பிரேசர் டவுனில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நீங்கதானே சார் 'அது எப்படி?' எழுதறது? எங்க பேக்கரில பன் சுத்தற பேப்பர்ல படிச்சேன்."

"பன் சுற்றவா?"

"கோவிச்சுக்காதீங்க. நல்ல பேப்பர் சார், எண்ணெய் இழுக்காது."

ஒரு தமிழ் மாத இதழில் சைக்கிள் டைனமோவையும் தெர்மாஸ் குடுவையையும் விளக்கி எழுதுகிறவன் நான். கேள்வியைக் கேட்டதுமே பதில் நாக்கில் வந்து நின்றது. "ரொம்ப சுலபம்மா. முதல்ல குழாயை..."

"இருங்க, இருங்க!" பிரிஜெட் என் வாயைப் பொத்தாத குறை. "பதில் இருக்குதா இல்லியா, அத்த மட்டும் சொல்லுங்க."

"இருக்கு."

"ஒரே ஆளு செய்யலாமா?"

"செய்யலாம்."

அவர் முகம் விழுந்துவிட்டது. [இல்லை என்று நான் சொல்வேன் என்ற நம்பிக்கையோடு வந்திருக்கிறார். எனக்கு அது புரிய அரைமணி நேரமாயிற்று.]

2

இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"மூடுபனி விலகியபோது அந்த மலை, தவம் செய்யும் ஒரு..." இதற்கு மேல் போகவில்லை. அந்த மலையை நான் பார்த்ததில்லை. மாகடி போகும் பஸ்ஸில் ஏறி, நடுவில் இறங்கி, முட்காட்டுக்குள் நடக்க வேண்டுமாம்.

"காதலில் தோற்ற அப்பாதுரை காட்டை நோக்கி..." இதை பிரிஜெட்டிடம் படித்துக் காட்டினேன். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"காதலா? அவனா? சனிக்கெழம சோப்பு போடவே நான் தொரத்தணும் சார்."

அப்பாதுரை அவருடைய தம்பி. இருபத்து நான்கு வயது. அவனையும் நான் பார்த்ததில்லை. ஆகவே அவனைப் பற்றி நான் எழுதுவதில் பாதி ஊகம். நம்பக்கூடியது குழாய் ஒன்றுதான். ராணுவம் ஏலம் விட்ட சாமான். பிளாக்பள்ளியில் குஜ்ரி என்கிற பழஞ்சாமான் சந்தையில் பழைய இரும்புக்கு நடுவில் பொறுக்கி வாங்கியது.

3

அவர்களுடைய அப்பா ஒரு மில்லில் பாய்லர் பார்த்தவர். ஐம்பத்தாறில் வேலைநிறுத்தம் நடந்தபோது சங்கு ஊதியதும் எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாளும் போனார். ஆஸ்டின் டவுனில் அவர்கள் இருந்த சந்து முழுக்க மில் ஆட்கள். அன்றிலிருந்து அவர் பெயர் கருங்காலி.

"ஏன் போனார்?" என்று கேட்டேன். [எனக்குக் காரணம் வேண்டும். காரணமில்லாத ஒன்றை விளக்க எனக்குத் தெரியாது.]

"நானும் கேட்டேன் சார். 'பழக்கம்மா'ன்னார். அவ்ளோதான். சங்கு ஊதுனா அவருக்குக் கால் தானா நடக்கும்."

அடுத்த வருடம் அவர் இறந்தார். சந்து குறுகல், வண்டி வராது. முனைவரை பெட்டியைத் தோளில்தான் கொண்டுபோக வேண்டும். அப்பாதுரை ஒரு மூலை, பெட்டி செய்த ஆசாரி ஒரு மூலை, கோலாரிலிருந்து வந்த மாமா ஒரு மூலை. நான்காவது மூலைக்கு ஆள் இல்லை. வீட்டுக்கு வீடு வாசலில் நின்றிருந்தார்கள். அப்பாதுரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். "அண்ணா, ஒரு கை," என்று கேட்டான். எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

நான்காவது மூலையை பிரிஜெட் பிடித்தார். பெண் பெட்டி சுமந்ததைப் பற்றி அந்தச் சந்து இன்னும் பேசுகிறதாம்.

(ஓர் அடிக்குறிப்பு, இங்கேயே போட்டுவிடுகிறேன். மூன்று பேராலும் ஒரு பெட்டியைத் தூக்க முடியும். தலைப்பக்கம் இருவர், கால்பக்கம் நடுவில் ஒருவர் நிற்க வேண்டும். நடுவில் நிற்பவர் தோளில் ஏறக்குறைய பாதி எடை விழும், ஆனால் பெட்டி சாயாது. இதைப் படம் வரைந்து பிரிஜெட்டிடம் விளக்கினேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அன்னிக்கு நீங்க அந்தச் சந்துல இருந்திருக்கணும் சார். வெளக்கம் வேணாம். ஒரு தோள் போதும்.")

கல்லறையிலிருந்து வந்து கை கால் கழுவிவிட்டு அப்பாதுரை சொன்னானாம்: "அக்கா, இன்னொரு ஆளு வேணுங்கற வேல எதையும் இனிமே நான் செய்யமாட்டேன்."

4

இன்னொரு ஆள் வேண்டிய வேலைகள் எத்தனை என்று ஒருநாள் யோசித்துப் பாருங்கள். முதுகு தேய்ப்பது. முடி வெட்டுவது. ஏணியைப் பிடிப்பது. அப்பாதுரை ஒரு லாரி ஷெட்டில் மெக்கானிக். லாரியைப் பின்னால் எடுக்கும்போது ஒருவர் நின்று "பர்லி, பர்லி!" என்று, அதாவது வரட்டும் என்று, குரல் கொடுக்க வேண்டும். அவன் குரலுக்குக் காத்திருக்காமல் எடுத்தான். ஷெட்டின் சுவர் போயிற்று, வேலையும் போயிற்று. அந்த வாரமே குழாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மலைக்குப் போய்விட்டான். ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகிறது.

இங்கே என் பாத்திரத்தின் மேல் எனக்கே ஒரு சந்தேகம். மலையில் மட்டும் இன்னொரு ஆள் வேண்டாமா? சோறு? மாதம் ஒருமுறை பிரிஜெட் போய், மலையின் பாதியில் உள்ள ஒரு தட்டைப் பாறைமேல் அரிசியும் உப்பும் வைத்துவிட்டு வந்தார். அரிசியை எறும்பு தின்றது. உப்பை மட்டும் எடுத்துக்கொண்டான். கிழங்கு தோண்டலாம், காடை பிடிக்கலாம், உப்புக்கு மட்டும் அவனுக்கு வழி தெரியவில்லை. அதன் பிறகு அவர் உப்பு மட்டுமே கொண்டுபோனார். ஓர் அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் மிஞ்சியிருந்தது அவ்வளவுதான்.

ஊர்க்காரர்கள் மேலே ஒரு சாமியார் இருப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள். "ஞானஸ்நானம் வாங்குனவன் சார்! கீழ தேங்கா ஒடைக்கறாங்க!" என்றார் பிரிஜெட். ஆனால் யாராவது மேலே ஏறினால் கல்லை உருட்டிவிடுவான்.

போன மழையில் வழுக்கி விழுந்து, அவன் கால் முறிந்து, எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. இப்போது பாறையில் ஏறி இறங்க இரண்டு கையும் வேண்டும். குடம் பிடிக்கக் கை இல்லை. ஏறிப்போய்க் குடித்துவிட்டு வரலாம், ஆனால் தினமும் அந்த ஏற்றம் அவனால் ஆகாது. கீழேயுள்ள ஓடையும் வற்றிவிட்டது. அதனால்தான் குழாய்.

5

அவன் ஏன் தோற்கிறான் என்பதை விளக்குகிறேன். இது எனக்குப் பிடித்த பகுதி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

லாரிக்காரர்கள் டாங்கியிலிருந்து பெட்ரோல் எடுக்கும்போது குழாயின் ஒரு முனையை உள்ளே விட்டு, மறுமுனையை வாயில் வைத்து இழுப்பார்கள். வாய்க்கு வந்ததும் துப்பிவிட்டுக் கீழே பிடித்தால் தானே ஓடும். அப்பாதுரை அப்படியே பழகியவன். மழைக்காலத்தில் சுனை நிறைந்திருக்கும்போது அது பலித்தது. ஆனால் வாயால் நாம் எதையும் இழுப்பதில்லை. நெஞ்சை விரித்துக் கொஞ்சம் இடம் உண்டாக்குகிறோம். வெளிக்காற்றின் எடைதான் நீரை உள்ளே தள்ளுகிறது. மனித நெஞ்சு உண்டாக்கும் இடத்துக்கு நீர் இடுப்பளவு ஏறும், மிஞ்சினால் மார்பளவு. ஓர் ஆள் உயரம் ஏறாது. அவன் மூச்சு முட்டும்வரை இழுக்கிறான், இருமுகிறான், மறுபடி இழுக்கிறான்.

குழாயை முதலிலேயே தண்ணீரால் நிரப்பிவிட்டால் வாயே வேண்டாம். ஆனால் நிரப்பிய குழாயைத் தூக்கியதும் கீழ் முனை வழியாக எல்லாம் கொட்டிவிடும். மேலே ஒருவர், கீழே முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு ஒருவர் வேண்டும்.

"நான் வர்றன்டா, கீழ புடிச்சுக்கறேன்னு தட்டப் பாறைலேந்து கத்துனேன் சார். வேணாம்னுட்டான். 'ஒரு ஆளு செய்யற மாரி யாரையாவது கேட்டு வந்து சொல்லு'ன்னான். ரெண்டு வருசத்துல என்கிட்ட அவன் கேட்டது இது ஒண்ணுதான். பதிலக் கொண்டுபோய்க் குடுத்துட்டா, அப்புறம் என்ன கேப்பான்?"

நான் பதிலைச் சொல்ல வாயெடுத்தேன்.

"சொல்லாதீங்க சார். தண்ணி இல்லாட்டி எறங்கி வருவான். வந்துதானே ஆவணும்?"

"வராவிட்டால்?"

"வருவான்," என்று எழுந்தார். "காபி ஆறிப்போச்சு பாருங்க. எல்லாத்தயும் வெளக்கறீங்க, குடிக்க மறந்துட்டீங்க."

6

பிறகு இரண்டு மாதம் இதை முடிக்கப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: தாகம் தாங்காமல் அப்பாதுரை இறங்கி வருகிறான். ஆஸ்டின் டவுன் சந்தில் நொண்டியபடி நுழைகிறான். அக்கா ஒரு சொம்புத் தண்ணீர் தருகிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே நம்பாமல் கிழித்துப்போட்டேன்.

முடிவு இரண்டு: மழை முன்கூட்டியே வந்து சுனை நிறைகிறது. வழி தெரியாத எழுத்தாளன்தான் மழையைக் கூப்பிடுவான்.

முடிவு மூன்று: மே மாதத்தில் ஊர்க்காரர்கள் துணிந்து மேலே ஏறிப் பார்த்தபோது, பாறை இடுக்கில், குழாயின் முனையை வாயில் வைத்தபடியே...

வேண்டாம்.

7

ஈஸ்டர் கழிந்து, ஏப்ரலில், பிரிஜெட் மறுபடி வந்தார். உட்காரவில்லை.

"போன மாசம் வெச்ச உப்பு அப்படியே இருக்குது சார்."

"கூப்பிட்டுப் பார்த்தீங்களா?"

"தொண்ட கிழியக் கத்துனேன். எவ்ளோ நேரம் கழிச்சோ மேலேந்து ஒரு கல்லு உருண்டுது. சின்னக் கல்லு. முன்னெல்லாம் பெருசா உருட்டுவான்."

ஆடு உருட்டியதாகவும் இருக்கலாம். இதை நான் நினைத்தேன், அவரும் நினைத்திருந்தார்.

"இப்ப சொல்லுங்க சார். எழுதிக் குடுக்காதீங்க. எறங்கி வந்து எடுக்க மாட்டான், மேல ஏற என்ன விடவும் மாட்டான். நான் கீழேந்து கத்தணும். காத்துல போய்ச் சேர்ற மாரி, சின்னச் சின்னதா சொல்லுங்க."

"சொன்னால் அவன் வரவே மாட்டான், பிரிஜெட்."

"வர வேணாம். தண்ணி குடிக்கட்டும்."

வாழ்நாளில் நான் கொடுத்த விளக்கங்களில் மிகச் சிறியது இதுதான். இதில் இன்னொரு ஆளின் கட்டைவிரல் செய்ய வேண்டியதை ஒரு முழக் கயிறு செய்துவிடுகிறது. அக்காவின் இடத்துக்கு அது போதும். அவருக்கும் அது புரிந்தது. நான்கு முறை திருப்பிச் சொல்லிப் பழகிக்கொண்டு, மாகடி பஸ்ஸுக்கு நடந்தார்.

அவன் கேட்டானா, கேட்கும் நிலையில் இருந்தானா என்பதை நான் எழுதப்போவதில்லை. பிரிஜெட் இன்னும் திரும்பி வந்து சொல்லவில்லை; நானாகப் போய்க் கேட்கும் தைரியமும் எனக்கு இல்லை. மேலே யாராவது இருக்கிறார்களா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். கத்த வேண்டியது மட்டும் இது:

அப்பாதுரை! வாயால இழுக்காத. ரெண்டு முனையும் தொறந்தே இருக்கட்டும். குழாய ஒரு பக்கத்துலேந்து கொஞ்சம் கொஞ்சமா சுனைல அமுக்கு. முழுசும் முழுகட்டும். குமிழி நிக்கற வரைக்கும் இரு. அப்புறம், தண்ணிக்குள்ளயே, ஒரு முனைய மடக்கிக் கயித்தால இறுக்கிக் கட்டு. முன்னாடியே கட்டாத, காத்து மாட்டிக்கும். இன்னொரு முனைய தண்ணிலயே உட்டு, நசுங்காம கல்லு அண்ட குடுத்து வை. கட்டுன முனைய பாறை மேல எடுத்து, கீழ எறக்கி உடு. நீ மெதுவா எறங்கி வா. கயித்துக் கட்ட அவுத்துடு. தண்ணி வரும்.