கைக்கு

பழைய நகரத்து அரண்மனைச் சுவரில் மூன்று பேர். கட்டிலில் நவாப். வாசலில் ஈட்டியோடு காவலன். நடுவில் வலது கையை உயர்த்தியபடி ஒரு பெண். பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியம். புகை படிந்து அவள் விரல்கள் மறைந்துவிட்டன. அரண்மனைக்காரர்கள் அவளைக் கொலைகாரி என்றார்கள். கையில் கத்தி வரையச் சொன்னார்கள். முடிவு சொல்ல வேண்டியவள் ஓவியத்தை ஆராயும் ஹம்சா.

சுவரைப் பழுதுபார்க்கும் கிரி தஞ்சாவூரிலிருந்து புதிதாக வந்தவன். சாந்து எங்கே பூசலாம் என்று நேற்றே கேட்டான். பொறு என்றிருந்தாள்.

ஹம்சா இதே ஊரின் மல்காஜ்கிரியில் பிறந்தவள். உருது படிப்பாள். காலையில் வீட்டில் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, பெண்ணின் வாயருகே இருந்த எழுத்து பிடிபட்டது. உடனே போனில் அழைத்தாள்.

“கிரி, கண்டுபிடிச்சிட்டேன். கைக்கு!”

“கைக்கா மேடம்?”

“ஆமா, கைக்கு. வந்து சொல்றேன்.”

ஆட்டோ மெட்டுகுடாவைத் தாண்டும்போதுதான் உறைத்தது. இந்த ஊர் உருதுப் பேச்சில் கைக்கு என்றால் ‘ஏன்’. தஞ்சாவூரில் கைக்கு என்றால் கைக்குத்தான்; கிரி அங்கே சாந்து பூசிவிடுவான். சாந்து காய்ந்தால் விரல்களோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அதன்மேல் கத்தி வரைவதுதான்.

கிரியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை.

“பய்யா, ஜல்தி,” என்று ஆட்டோவை விரட்டினாள்.

“சிக்னல் என் மாமனாருதா?” என்றார் ஓட்டுநர் இந்தியில்.

அவள் அரண்மனைக்குள் ஓடியபோது கிரி சாரத்தின் மேல் இருந்தான். பெண்ணின் மணிக்கட்டுக்கு மேல் ஈரச் சாந்தின் வெள்ளை.

“நீங்கதானே மேடம் கைக்குன்னீங்க?”

“அது அவ பேசுறது. ஏன்னு கேக்குறா.”

“யாரை?”

“நவாபை. பாரு, முகத்தைத் திருப்பிக்கிட்டிருக்காரு. காவலன் அவளை இழுத்துட்டுப் போக வந்திருக்கான்.”

கிரி கரண்டியை வைத்தான். “எங்க ஊர்ல ஏன்னா ஏன்னுதான் கேப்போம்.”

ஹம்சா ஏறினாள். ஈரப் பஞ்சால் ஒற்றினாள். தேய்க்கவில்லை. சாந்து இளகி வந்தது. கட்டைவிரல் தெரிந்தது. ஆள்காட்டி விரல். நடுவிரல். அடுத்த ஒற்றலில் பஞ்சு சிவந்தது. மருதாணி நிறம். மோதிரவிரலின் நுனி சுவரில் இல்லை.

கிரி குனிந்து பார்த்தான். பிறகு மெதுவாக, “கத்தி?” என்றான்.

“இருந்தா விரல் மடங்கியிருக்கும்.”

விரல்கள் விரிந்திருந்தன. உள்ளங்கையில் ஒன்றும் இல்லை.

சுண்டுவிரல் இன்னும் சாந்துக்கு அடியில். சாந்து இறுகத் தொடங்கியிருந்தது. ஹம்சா வேறு பஞ்சை நனைத்தாள். ஒற்றினால் இதன் நிறமும் போகலாம்; விட்டால் சாந்தோடு ஒட்டிவிடும். காத்திருக்க நேரமில்லை.