கத்தினால் கையை எடு

அன்று தலைமையாசிரியை அறையில் ஆறு பேர் இருந்தோம். மேசைக்குப் பின்னால் சுழல்நாற்காலியில் தலைமையாசிரியை. அவருக்கு வலப்பக்கம், ஜன்னலை ஒட்டி, மாதம் ஒருமுறை வெளியிலிருந்து வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் அம்மையார், மடியில் ஃபைல். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த இரண்டு நாற்காலிகளில் என் தம்பியும் அவன் மனைவியும். அவன் அக்காவான எனக்கு நாற்காலி மிச்சமில்லை. கதவோரத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். யாரைப் பற்றிக் கூட்டமோ அந்த ஆறு வயது வாண்டு, தன் அம்மாவின் முழங்காலில் சாய்ந்து நின்றாள்.

விஷயம் இதுதான். வாண்டுவை ஒன்றாம் வகுப்பிலிருந்து எடுத்து, பேச்சிலும் படிப்பிலும் பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று பின்கட்டில் உள்ள தனிப்பிரிவில் சேர்க்கப் பள்ளி முடிவு செய்துவிட்டது. பெற்றோர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. தனிப்பிரிவுக்குப் போன பிள்ளை பழைய வகுப்புக்குத் திரும்பி வந்ததாக எங்கள் தெருவில் ஒருவருக்கும் நினைவில்லை.

அம்மையார் ஃபைலைப் பார்த்தே பேசினார். காதில் குறையில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் கூப்பிட்டால் பிள்ளை திரும்புவதில்லை. பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாராம். உரக்க, இன்னும் உரக்க. உரக்கக் கூப்பிடக் கூப்பிடக் கைகளை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு சிலையாக நின்றுவிடுகிறாளாம். பேச்சும் வயதுக்குத் தக்கபடி இல்லை.

இதற்கிடையில் வாண்டு, அம்மாவைப் பார்த்து இரண்டு விரலை ஆட்டி, கன்னத்தை உப்பி, புருவத்தைத் தூக்கினாள். இந்த அம்மையாருக்குப் பல்வலியா என்று கேட்கிறாள். அவள் அம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். “பாத்தீங்களா, இந்தச் சைகைதான்” என்றார் அம்மையார். என்ன கேட்டாள் என்று நாங்கள் சொல்லவில்லை.

எங்கள் வீடு எங்கள் பட்டறையின் மாடி. கீழே டப்பா மூடி அடிக்கும் பிரஸ் நான்கு. தகரத்தகட்டைக் கையால் உள்ளே தள்ள வேண்டும். மேலிருந்து அச்சு இறங்கி மூடியை வெட்டும். பிரஸ் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பாட்டே பாடினாலும் காதில் விழாது. ஆகவே எங்கள் பேச்செல்லாம் விரல், புருவம், உதடு. ஒருவரைக் கூப்பிட வேண்டுமானால் எதிரே போய் நிற்போம். வாண்டு தொட்டிலில் கிடந்து பார்த்ததும் தவழ்ந்து பார்த்ததும் இதைத்தான். அவள் அப்பனிடம் இந்தப் பாஷையில் வாயாடுகிற வாயாட்டத்துக்கு அளவில்லை.

அந்த நேரத்தில் வராந்தாவில் விளையாட்டு வாத்தியார் யாரையோ பார்த்து, “டேய், நில்லுடா” என்று ஒரு கத்துக் கத்தினார்.

நான் கையை நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டு உறைந்தேன். தம்பியும் அப்படியே. அவன் மனைவியும் அப்படியே. வாண்டுவும் அப்படியே. நான்கு பேர், எட்டுக் கை, அறையில் ஓர் அசைவில்லை. தலைமையாசிரியை எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எனக்கே அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக இதைச் செய்கிறோம். செய்கிறோம் என்று தெரியாமலே செய்கிறோம்.

பிரஸ் சத்தத்தை மீறிக் கேட்பது தொண்டை கிழியக் கத்தும் கத்து மட்டும்தான். எங்கள் பட்டறையில் யாரும் சும்மா கத்த மாட்டார்கள். கத்தினால் யாருடைய கையோ அச்சுக்கு அடியில் இருக்கிறது என்று அர்த்தம். யார் கை என்று பார்க்க நேரமிருக்காது. எல்லாரும் கையை எடுக்க வேண்டும், நின்ற இடத்தில் நிற்க வேண்டும். வாண்டு நடக்கக் கற்பதற்கு முன்பே அவளுக்குக் கற்றுக்கொடுத்தது இது. எங்கள் நான்கு பிரஸ்ஸிலும் ஒருவருக்கும் ஒரு விரல்கூடப் போனதில்லை.

இதை நான் நிதானமாக எடுத்துச் சொன்னேன். அம்மையார் கெட்டவர் இல்லை, கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, அப்படியானால் பிள்ளை இப்படி ஆனதற்கு வீடுதான் காரணம், வீட்டை மாற்ற முடியாது, ஆகவே தனிப்பிரிவு இன்னும் அவசியம் என்றார்.

தம்பி பேனாவைத் திறந்துவிட்டான். அவன் மனைவி அதை வாங்கி மூடினாள்.

“வீடு இவள இப்படி ஆக்கிடுச்சுன்னு சொல்றீங்க. சரி மேடம், ஒத்துக்கறேன். அந்தப் பின்கட்டு இவள எப்படி ஆக்கும்? அங்க பேசற பிள்ளைங்க எத்தனை பேரு?”

தனிப்பிரிவில் பிள்ளைகள் நாள் முழுக்க மணி கோக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். தலைமையாசிரியை ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“நாங்க சொல்லிக் குடுத்தத ஒண்ணு விடாமக் கத்துக்கிட்டவ இவ. நீங்க உங்களுதச் சொல்லிக் குடுங்க. அதையும் கத்துப்பா.”

அடுத்த புதன்கிழமைக்குள் கையெழுத்து வராவிட்டால் பள்ளி தானே முடிவெடுக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டில் தம்பி பிடிவாதமாக இருந்தான். பள்ளிக்கூடத்தைப் பகைத்துக்கொண்டு பிள்ளையை எங்கே படிக்க வைப்பது என்று கேட்டான். அவன் பயம் எனக்குப் புரியாததல்ல. நாங்கள் படித்த சின்ன ஊர்ப் பள்ளியில் மார்க்குப்படிதான் பெஞ்சு. தம்பி ஒரு காய்ச்சலில் பரீட்சை எழுதாமல் போய்க் கடைசி பெஞ்சுக்குப் போனவன், பள்ளியை விடும்வரை அங்கேயே இருந்தான். கடைசி பெஞ்சில் யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்காத கேள்விக்கு எவன் பதில் படிப்பான்?

அந்த பெஞ்சை அவனுக்கு நினைவுபடுத்தினேன். “எனக்கு என்ன கொறைஞ்சு போச்சு?” என்றான்.

“ஒண்ணும் கொறையல. ஆனா அந்த பெஞ்சுல உக்காந்ததுக்கு அப்புறம் நீ யாருகிட்டயும் எதையும் கேட்டதில்ல. இன்னைக்குக்கூட உன் பொண்டாட்டிதான் கேட்டா” என்றேன்.

அவன் எழுந்து கீழே போய்விட்டான்.

சனிக்கிழமை காலையில் நானும் தம்பி மனைவியும் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். கடிதம் எழுதுவதென்றால் நான். குடும்பத்தில் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். மரியாதைக் குறைவாக ஒரு சொல்கூட வரக்கூடாது, கெஞ்சலும் வரக்கூடாது என்று பேசி வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். தனிப்பிரிவுக்கு நாங்கள் சம்மதிக்கவில்லை. பிள்ளை இருக்கும் வகுப்பிலேயே இருப்பாள். அவளைக் கூப்பிட வேண்டுமானால் எதிரே வந்து, கத்தாமல், கூப்பிடவும். அவளுக்குப் பேச்சு குறைவு என்பது உண்மை. அதற்காக மாலையில் நேரத்தோடு பிரஸ்ஸை நிறுத்தி அவளுடன் வாயால் பேசப் போகிறோம். எங்கள் பங்கை நாங்கள் செய்கிறோம், உங்கள் பங்கை எழுத்தில் தெரிவிக்கவும். வகுப்பை மாற்றினால் கல்வி அலுவலகத்துக்கு இதன் நகல் போகும்.

“‘தயவுசெய்து’ போடவா?” என்று கேட்டேன்.

“ஒரு தடவ போடுங்க அண்ணி. போதும்.”

கீழே பிரஸ் ஒவ்வொன்றாக நின்றது. வழக்கமாக நிற்கும் நேரம் அல்ல. தம்பி கையைத் துடைத்தபடி மேலே வந்து, கடிதத்தை நின்றபடியே இரண்டு முறை படித்தான். “நகல் போகும்னு எழுதினா போதாது. இப்பவே ஒண்ணு எழுதுக்கா, ரெண்டையும் ஒண்ணாப் போடலாம்” என்றான். மனைவி கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டான். தகரம் பிடித்துப் பழகிய கை, காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தியது.

நகலை எழுதி முடித்ததும் இரண்டு உறையிலும் முகவரி எழுதினேன். அவள் பசை தடவி ஒட்டி, ஓரத்தை நகத்தால் நீவினாள். தபால் நிலையம் மூட இன்னும் நேரமிருந்தது. ஒப்புதல் அட்டையோடு பதிவுத்தபால் என்று சொல்லி ஜன்னலுக்குள் நீட்டினோம். குமாஸ்தா இரண்டிலும் முத்திரையை ஓங்கிக் குத்தி, பின்னாலிருந்த பைக்குள் எறிந்தார்.