முதுகு தரையில் பட்டால்

"முடிச்சைப் பாரு!"

புதிதாக வருகிறவர்களிடம் லொரைன் கூரிஹாரா சொல்லும் முதல் பாடம் இதுதான். ஃபிரெஸ்னோ புத்தர் கோயிலின் பின்கூடத்தில் ஜூடோ பழக வந்தவர் பல் டாக்டரானாலும் சரி, பாதாம் தோட்டத்துக்காரரானாலும் சரி, எல்லோரையும் 'மேட்' என்கிற தரை மெத்தையில் வரிசையாக மல்லாத்திப் போட்டுவிடுவாள். இடுப்புக் கச்சையின் முடிச்சைப் பார்த்தால் தாடை மார்போடு ஒட்டும். தாடை ஒட்டினால் பின்மண்டை தரையில் மோதாது. இரண்டு கைகளாலும் மேட்டை அறைந்து அறைந்து, ஒரு மாதம் முழுக்க விழ மட்டுமே பழக வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்தவரைத் தொடவே விடுவாள்.

சனிக்கிழமை காலையில் நடக்கும் அந்தத் தொடக்க வகுப்புதான் அவளுக்கு உயிர். வாரம் முழுக்க இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்து ஊரார் கார்களின் விபத்துக் கதையைக் கேட்டுக் காது புளித்துப்போகும். பயந்து பயந்து விழுந்துகொண்டிருந்த ஒருவர் திடீரென்று பயமில்லாமல் விழுவாரே, அந்த ஒரு நொடியைப் பார்ப்பதற்காகவே அவளுக்குச் சனிக்கிழமை விடியும்.

அந்த வகுப்புக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. ஆபத்தின் பெயர் சோனா. லொரைனின் தம்பி வெஸ்ஸைக் கட்டிக்கொண்டவள், ஆர்மீனியக் குடும்பத்துப் பெண், தரையில் உருண்டு மல்லுக்கட்டும் ஜியு-ஜிட்சுக்காரி. யாரையும் பெயருக்குப் பின்னால் செல்லமாக 'ஜான்' சேர்க்காமல் கூப்பிட மாட்டாள். கழுத்தை நெரிக்கும்போதும் அப்படித்தான்.

லொரைனின் ஜூடோ கூடமும் சோனாவின் ஜியு-ஜிட்சு கூடமும் செப்டம்பரிலிருந்து ஒரே பள்ளியாவதென்று முடிவாகியிருந்தது. பெயர்ப்பலகை, சாவி, துடைப்பம் வரைக்கும் ஒத்துப்போய்விட்டார்கள். தொடக்க வகுப்பில்தான் முட்டிக்கொண்டது. புதியவர்களுக்கு இரண்டு வாத்தியார் இருந்தால் குழம்பிப்போவார்கள், ஒருவர்தான் எடுக்க வேண்டும் என்று இருவருமே அடித்துச் சொன்னார்கள். அந்த ஒருவர் தானேதான் என்றும் இருவருமே அடித்துச் சொன்னார்கள்.

"ஒரு மாசம் வெறும் விழறதுக்கே விட்டா, வந்ததுல பாதிப் பேர் ஓடிடுவாங்க, லொரைன் ஜான்," என்றாள் சோனா. ஞாயிற்றுக்கிழமை மதியம், வெஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசை.

"நீ மட்டும் என்னவாம்? முதல் நாளே ஒருத்தன் மேல ஒருத்தனை ஏத்தி விடற. அதுக்கு ஓட மாட்டானா?"

"எப்படி ஓடுவான்? கீழ மாட்டிக்கிட்டு இருப்பான்ல!"

வெஸ்ஸுக்குச் சிரிப்பில் புரையேறியது. லொரைன் அவனை முறைத்தாள்.

"சண்டை நின்னுக்கிட்டுத்தான்டீ ஆரம்பிக்குது. விழத் தெரியாதவனை எவன் தூக்கிப் போடறது? நாங்க ஒரே வீச்சை, வீசாம, எதிராளி பிடிக்குள்ள நுழைஞ்சு நுழைஞ்சு வெளிய வருவோம். ஆயிரம் தடவை. அப்பத்தான் ஒரு தடவை நிஜமா விழும்."

"முடியறது தரையிலதானே? அங்க ஆள் மேல ஆள் கிடக்கறப்ப மூச்சு விடத் தெரியணும். ஆயிரம் தடவை காத்துல நுழைஞ்சு என்ன பிரயோஜனம்? எதிர்த்து மல்லுக்கு நிக்கறவன்கிட்டதான் பழகணும். உடம்பு பழகினதைத்தான் செய்யும், ஜான்."

"அது மட்டும் நிஜம்," என்று வெஸ் தன் மூக்கைத் தடவிக்கொண்டான். அந்தக் கோணல் மூக்கின் கதை ஊருக்கே தெரியும். வெஸ் கராத்தேக்காரன். ஒரு குத்து சுத்தமாகப் பட்டதும் பின்னால் வந்து, நடுவர் கொடி தூக்கக் காத்திருக்கும் வகைப் போட்டியில் கோப்பை கோப்பையாக வாங்கியவன். ஒருநாள் பார் வாசலில் ஒரு தடியனோடு தகராறு. அருமையாக ஒரு குத்து விட்டான். விட்டுவிட்டு இரண்டடி பின்னால் வந்து, கொடிக்காகக் காத்து நின்றான். தடியனுக்குக் கொடி எதற்கு?

"ரெண்டு பேரும் மேட்டுலயே தீர்த்துக்குங்களேன்," என்றான் வெஸ், வாயில் சோற்றுருண்டையோடு. "முதல் சுத்து ஜூடோ விதி. ரெண்டாவது ஜியு-ஜிட்சு விதி. ஆளுக்கு ஒண்ணு ஜெயிச்சா காசு சுண்டி மூணாவது. நான் ரெஃபரி."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையில், சொன்னவனுக்கே சோறு இறங்கவில்லை. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு என்று நாளும் குறித்தாயிற்று.

லொரைன் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கணக்குப் போட்டாள். ஜூடோ சுற்று அவளுடையது. அதில் சந்தேகமில்லை. தரைச் சுற்று சோனாவுடையது. அதிலும் சந்தேகமில்லை. குடும்பத்துக்குள் எத்தனையோ முறை விளையாட்டாகப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் கதை முடியும். ஜூடோவில் முதுகு முழுதாகத் தரையில் பட்டால் ஆட்டம் அவ்வளவுதான். அதனால் சாய்ந்தால் போதும், லொரைனின் உடம்பு அவளைக் கேட்காமலே குப்புறப் புரண்டுவிடும். ஜியு-ஜிட்சுவில் குப்புறப் படுப்பதும் கழுத்தை வெள்ளித்தட்டில் வைத்து நீட்டுவதும் ஒன்று. சோனா முதுகில் ஏறி, 'சாரி, ஜான்' என்று சொல்லிக்கொண்டே நெரிப்பாள்.

மூன்றாவது சுற்றைக் காசின் கையில் விட லொரைனுக்கு மனமில்லை. தரையிலும் ஜெயிக்க வேண்டும். யாருக்கும் தெரியாமல் விசேலியாவுக்குக் காரை விட்டாள்.

அங்கே ரூபென் என்று ஒரு ஜியு-ஜிட்சு வாத்தியார். பகலில் ஏ.சி. மெஷின் பழுது பார்ப்பவர். ஆள் அந்த மெஷின் கனம் இருப்பார். முதல் நாளே லொரைனை மல்லாத்திப் போட்டு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"மூச்சு விடுங்க மேடம்."

விட்டால்தானே! லொரைன் நெளிந்தாள், பழக்கத்தில் குப்புறப் புரண்டாள். ரூபென் அவள் கழுத்தில் இரண்டு விரலால் தட்டினார்.

"செத்துட்டீங்க மேடம். மறுபடி."

மறுபடியும் புரண்டாள். மறுபடியும் செத்தாள். அன்று காருக்குள் உட்கார்ந்து லொரைன் ஆத்திரத்தில் அழுதே விட்டாள். சிறுபிள்ளையிலிருந்து ஜூடோ அங்கி போட்டவள், நேற்று வந்த பல்கலைக்கழகப் பையன்கள் முன்னால் எதுவும் தெரியாதவளாகக் கிடந்தது அவளால் தாங்க முடியவில்லை. ஆனாலும் மறுநாள் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். மெல்ல மெல்ல முதுகு தரையோடு சமாதானமானது. இடுப்பைத் தூக்கி நழுவவும், காலால் எதிராளியின் இடுப்பைக் கவ்வவும், அவர் கனத்துக்கு அடியிலேயே நிதானமாக மூச்சு விடவும் வந்தது. ஒருநாள் ரூபென் தள்ளியபோது அவள் உடம்பு தானாகவே மல்லாந்து விழுந்து, கால்கள் அவர் இடுப்பைப் பூட்டிக்கொண்டன.

"பிழைச்சுக்கிட்டீங்க மேடம்!" என்று ரூபென் கத்தினார். லொரைன் வழியெல்லாம் காரின் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே வீடு வந்தாள்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. வெளியே திராட்சை காய்கிற வெயில். கோயில் கூடத்தில் அதைவிடச் சூடு. ஜூடோக்காரர்கள் ஒரு பக்கம், ஜியு-ஜிட்சுக்காரர்கள் மறுபக்கம், நடுவில் இரண்டு குடும்பத்து உறவினர்கள். எந்தப் பக்கம் கைதட்டுவதென்று தெரியாத அவர்கள், கறி பூசிய ஆர்மீனிய ரொட்டியையும் சோற்றுருண்டையையும் மாற்றி மாற்றித் தின்றுகொண்டிருந்தார்கள். வெஸ் கழுத்தில் விசிலோடு மேட்டுக்கு நடுவில் நின்றான். யார் ஜெயித்தாலும் இன்று ராத்திரி அவனுக்குச் சாப்பாடு சந்தேகம்தான்.

முதல் சுற்று, ஜூடோ விதி. லொரைன் சோனாவின் காலரைப் பிடித்ததுமே ஏதோ உறுத்தியது. சோனாவின் பிடி மாறியிருந்தது. வழக்கமாகக் குனிந்து தொங்குகிறவள், முதுகை நிமிர்த்தி நின்றாள். ஆனால் யோசிக்க நேரமில்லை. லொரைன் இடுப்பு வீச்சுக்கு உள்ளே நுழைந்தாள். சோனா அசையாமல் இடுப்பைத் தாழ்த்தித் தாங்கி, அவளைப் பின்பக்கமாக இழுத்துத் தள்ளினாள். லொரைன் காற்றில் சாய்ந்தாள். பழைய லொரைனாக இருந்தால் இந்நேரம் குப்புறப் புரண்டிருப்பாள். உடம்பு பழகினதைத்தான் செய்தது. அழகாக மல்லாந்து விழுந்து, இரண்டு காலாலும் சோனாவின் இடுப்பைப் பூட்டிக்கொண்டது.

கூடமே அதிர்கிற சத்தம். முதுகு முழுதாக, சுத்தமாக, மேட்டில்.

வெஸ்ஸின் கை தானாக மேலே போனது. "இப்போன்!" என்று கத்திவிட்டு, ஆட்டம் முடிந்தது என்று தானே அறிவித்ததை நம்பாமல் தன் கையையே பார்த்தான்.

லொரைன் பூட்டிய காலைப் பிரிக்காமல் கூரையைப் பார்த்துக் கிடந்தாள். ரூபென் பார்த்திருந்தால் முத்தமே கொடுத்திருப்பார். ஜூடோ கூடத்தில் அப்படி ஒரு அழகான தோல்வியை யாரும் பார்த்ததில்லை. ஜியு-ஜிட்சு பக்கம் கூரையைப் பிய்த்தது.

"என்ன அக்கா பண்ற?" என்றான் வெஸ், வாய்க்குள்.

"பேசாத. விசிலை ஊது."

இரண்டாவது சுற்று, தரை விதி. இதில் சோனா ஜெயித்தால் எல்லாம் முடிந்தது. வகுப்பு போய்விடும் என்ற நினைப்பே கையில் வெறியை ஏற்றியது. சோனா முன்னால் வைத்த காலை லொரைன் தன் பாதத்தால் வாரினாள். சோனா சாய்ந்தாள். இப்போது மல்லாந்து விழுந்து கால்களைப் பூட்டப்போகிறாள், அதற்குள் நான் என்று லொரைன் நினைத்து முடிப்பதற்குள், சோனா காற்றிலேயே முறுக்கிக்கொண்டு திரும்பி, தொப்பென்று குப்புற விழுந்தாள்.

சோனா! முதுகைக் காட்டிக்கொண்டு!

லொரைன் தாவி ஏறினாள். காலரைச் சுற்றிக் கையைக் கொடுத்தாள். "சாரி, ஜான்!" என்று காதில் சொல்லி இறுக்கினாள். சோனா சிரிப்பும் மூச்சுமுட்டலுமாக, தோற்றேன் என்று மேட்டைத் தட்டினாள்.

இரண்டு பக்கமும் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. சத்தத்துக்கு நடுவில் இருவரும் மேட்டில் எதிரெதிரே உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள்.

"எங்கடீ கத்துக்கிட்ட இந்தக் குப்புறப் புரள்றதை?"

"பேக்கர்ஸ்ஃபீல்டுல. ஒரு போலீஸ்காரம்மா ஜூடோ எடுக்கறா. பிசாசு. நீ எங்க?"

"விசேலியா."

சோனா தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "போச்சு போ! நான் நீயாயிட்டேன், நீ நானாயிட்ட!"

வெஸ் காசைச் சுண்டினான். தரை விதி விழுந்தது.

மூன்றாவது சுற்றில் லொரைன் அன்றைய நாளின் மிக அழகான வீச்சை வீசினாள். தன் காலைச் சோனாவின் கால்களுக்கு நடுவில் ஏற்றி, அவளை அப்படியே தலைக்கு மேலே சுழற்றி, கூடம் குலுங்க மல்லாத்திப் போட்டாள். ஜூடோ விதியாக இருந்தால் அந்த இடத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். தரை விதியில் அதற்கு வெறும் புள்ளிதான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் லொரைனின் உடம்பு, ஜெயித்துவிட்டோம் என்று ஒரு கண்சிமிட்டும் நேரம் தளர்ந்தது. வெஸ் பார் வாசலில் நின்ற அதே நேரம். சோனாவுக்கு அது போதும். குப்புறப் புரளும் தப்பை இரண்டு தடவை செய்கிறவள் இல்லை அவள். மல்லாந்தபடியே லொரைனின் கையைப் பிடித்து, காலைக் கழுத்துக்கு மேலே போட்டு நீட்டினாள்.

லொரைன் பல்லைக் கடித்தாள். முழங்கை நிமிர்ந்துகொண்டே போனது. விட மனசில்லை. விட்டால் சனிக்கிழமை போய்விடும். கையே போனாலும் பரவாயில்லை என்று ஒரு நொடி நினைத்தாள், பிறகு தட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை வராமலே இருந்துவிடலாமா என்று யோசித்தாள். ஆனாலும் கால் கோயில் கூடத்துக்குத்தான் போனது. சுவரோரம் ஒரு மூலையில் உட்கார்ந்தாள். புதியவர்கள் புது அங்கியின் மடிப்புக்கூடக் கலையாமல் வரிசையாக நின்றார்கள். அவர்கள் முன்னால் சோனா. இதோ, முதல் நாளே ஒருவர் மேல் ஒருவரை ஏற்றப்போகிறாள்.

"எல்லாரும் மல்லாந்து படுங்க," என்றாள் சோனா.

படுத்தார்கள். லொரைன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கையை மார்புல வைங்க. ரெண்டு கையாலயும் மேட்டை அறைங்க. தலையைத் தூக்குங்க. முடிச்சைப் பாருங்க!"

படபடவென்று மேட்டில் அறைகள் விழுந்தன. லொரைன் கண்ணைத் திறந்தாள். சோனா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேக்கர்ஸ்ஃபீல்டுல முதல் நாள் இதான்," என்று வெட்கத்தோடு சொன்னாள். "எங்க கூடத்துலயும் முதல் நாள் மல்லாத்திதான் படுக்கவைப்போம். முடிச்சைப் பாக்க மட்டும் யாரும் சொன்னதில்ல. எத்தனை பேரைப் பின்மண்டை வலியோட வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்னு நினைச்சா எனக்கே கூசுது."

விசேலியாவில் தன்னை மல்லாத்திப் போட்டதும் முதல் நாள்தான் என்பது லொரைனுக்கு அப்போதுதான் உறைத்தது. எது முதலில் என்று வெஸ் வீட்டு மேசையை உடைக்காத குறையாகக் கத்தினார்களே, இரண்டு பேரின் முதல் பாடமும் ஒரே படுக்கைதான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"அங்க உக்காந்து என்ன வேடிக்கை, ஜான்? அந்தக் கடைசி ஆள் தலை தொங்குது பாரு. எனக்கு அதைத் திருத்தத் தெரியல. வா!"

"ஒரு வகுப்புக்கு ஒரே வாத்தியார்னு நீதானே சொன்ன?"

"நீயும்தான் சொன்ன. ரெண்டு பேருமே தப்பு. எழுந்து வாயேன்!"

லொரைன் கச்சையை இறுக்கிக்கொண்டு மேட்டில் ஏறினாள். கடைசி ஆள் ஒரு பல் டாக்டர். பயத்தில் விறைத்துக் கிடந்தார். அவர் பின்மண்டைக்கு அடியில் தன் கையைக் கொடுத்து மெல்லத் தூக்கினாள்.

"முடிச்சைப் பாருங்க. ம், அப்படித்தான். இப்ப மூச்சு விடுங்க," என்றாள். "அப்படியே இடுப்பைத் தூக்குங்க பாக்கலாம். அது இவங்க பாடம்."