நோன்புக் கோபம்

"…பூனையைப் போய்த் திட்டுறாரு அண்ணி! அதுக்கு என்ன தெரியும், நோன்பா பெருநாளான்னு?"

"யாரு, முன்ஜியா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரரா? 'என் முற்றத்துல உனக்கு என்ன வேலை'ன்னு கேட்டாரு. சத்தியமா. பூனையே திகைச்சுப்போய் உக்காந்துடுச்சு."

லத்தீஃபா சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டாள். மாடி வீட்டில் இருப்பவள் அவள், முன்ஜியின் தங்கை. ரமலான் முழுக்க இரண்டு வீட்டுக்கும் கீழேதான் சமையல். முன்ஜியின் மனைவி ஹெதியா பார்லி சூப்பைக் கிளறிக்கொண்டே தானும் சிரித்தாள்.

கடலோர ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் நோன்புக் கோபத்துக்கு யாரும் மனம் புண்படுவதில்லை. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு கடைத்தெருவில் ஒருவன் இன்னொருவனின் சட்டையைப் பிடித்தால், நடுவில் நிற்பவர் "சிகரெட் இல்லாத கோபம், காப்பி இல்லாத கோபம், விடுங்கப்பா" என்பார். நோன்பு திறக்கும் பாங்கு சொன்னதும் அந்த இருவரும் ஒரே தட்டில் பேரீச்சம்பழம் எடுப்பார்கள். முன்ஜிக்கு மட்டும் இதுவரை அந்தக் கோபம் வந்ததே இல்லை. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும்போதுகூட டியூபோடு மெல்லப் பேசுகிற மனிதர். அதனால் இந்த வருடம் அவர் முகம் சுளித்தது வீட்டுக்கே கொண்டாட்டமாகிவிட்டது. முந்தாநாள் உப்புக்காகக் கத்தினார். நேற்று ரேடியோவைத் திட்டினார். லத்தீஃபா ஒவ்வொன்றையும் தெருவுக்கே நடித்துக் காட்டினாள்.

முற்றத்தில் ஏதோ விழுந்து உருண்டது.

"அடுத்தது தட்டு!" என்றாள் லத்தீஃபா. "அண்ணா, தட்டு உங்களை என்ன சொல்லுச்சு?"

ஹெதியா கரண்டியை வைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தாள்.

பேரீச்சம்பழத்தில் கொட்டை எடுத்து, உள்ளே வெண்ணெய் வைப்பது முன்ஜியின் வேலை. கல்யாணமான வருடத்திலிருந்து அதை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. இப்போது பழங்கள் தரையில் சிதறிக் கிடந்தன. கையில் மிஞ்சியிருந்த ஒரு பழத்தின் கொட்டையை எடுக்க அவர் முயன்றுகொண்டிருந்தார். விரல் நழுவியது, மறுபடி நழுவியது. கடல் காற்று குளிராக வீசிக்கொண்டிருந்தது. அவருடைய சட்டையோ முதுகில் ஒட்டிக் கிடந்தது.

"முன்ஜி, உனக்கு வேர்க்குது."

"வெயில்."

"வெயில் எங்கே இருக்கு?"

அவர் நிமிர்ந்து எதிர்வீட்டு மாடிச் சுவரைப் பார்த்தார். வெயில் அங்கே ஒரு மஞ்சள் பட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அது முழுதாக மறைந்தால்தான் பாங்கு. பிறகு அவளைப் பார்த்தார், அவள் யாரென்று யோசிப்பவர்போல.

ஹெதியாவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அவள் அருகில் வந்து குந்தினாள்.

"சர்க்கரை மாத்திரை போட்டியா?"

"காலை மாத்திரைதானே. விடியுமுன்ன சஹர்ல போட்டேன்."

"முழுசாவா?"

"எப்பவும் போடறதுதான்."

"சஹர்ல நீ ரெண்டு வாய் தயிர்தானே சாப்பிட்டே! இதைப் போட்டா சாப்பிட்டே ஆகணும்னு நர்ஸ் தலைதலையா அடிச்சுக்கிட்டாங்களே. நோன்புக்கு முன்னாடி டாக்டரைப் பாத்தேன்னு சொன்னியே, அவர் அளவை மாத்தலையா?"

முன்ஜி தரையில் கிடந்த பழங்களைப் பார்த்தார்.

"நீ போகவே இல்லை."

"போனா நோன்பு வைக்காதேன்னு சொல்லியிருப்பார்."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் கூடவே போன வருடமும் நினைவுக்கு வந்தது. நோய் தெரிந்த புதிது, டாக்டர் நோன்பு வேண்டாமென்றார். மதியம் அடுப்படித் திரையை இழுத்துவிட்டு, அதன் பின்னால் நின்றபடியே முன்ஜி ரொட்டி தின்றார், வீட்டுக்குள் புகுந்த திருடனைப்போல. கரண்டிச் சத்தம்கூட வராது. மாலை இப்தாரில் எல்லோரும் பேரீச்சம்பழம் எடுக்கக் காத்திருந்து கடைசியில்தான் கை நீட்டுவார்.

"லத்தீஃபா! அலமாரியில அந்த ரத்தம் பாக்கற மிஷின். சீக்கிரம்!"

"என்ன அண்ணி, வெறும் கோபந்தானே…"

"கோபம் இல்லடி. சர்க்கரை இறங்குது. நாமதான் மூணு நாளா சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கோம்."

முன்ஜி கையைப் பின்னுக்கு இழுத்தார். "வேண்டாம். ரத்தம் வந்தா நோன்பு முறிஞ்சுடும்."

"முறியாது. வெள்ளிக்கிழமை இமாம் ஒலிபெருக்கியில சொன்னார். நீதான் வந்து எனக்குச் சொன்னே, மறந்துட்டியா?"

அவருக்கு மறந்துபோயிருந்தது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. விரலைப் பிடித்துக் குத்தினாள். எழுபதுக்குக் கீழே போனால் காத்திருக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். சின்னத் திரையில் ஐம்பத்திரண்டு வந்து நின்றது.

லத்தீஃபா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு குனிந்து ஒரு பழத்தை எடுத்து அண்ணன் பக்கம் நீட்டினாள்.

"வெண்ணெய் வச்சது வேண்டாம், சர்க்கரை மெதுவாத்தான் ஏறும்" என்றாள் ஹெதியா. " தண்ணியில சர்க்கரையைக் கரைச்சுக் கொண்டா. நிறையப் போடு."

டம்ளர் வந்தது. முன்ஜி பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். மஞ்சள் பட்டை ஒரு செங்கல் உயரத்துக்குச் சுருங்கியிருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம்தான் ஹெதியா. அதோ பார். கிட்ட வந்துடுச்சு."

"அந்த மாத்திரை நோன்பு வைக்கல முன்ஜி. சஹர்லேருந்து உள்ள வேலை செஞ்சுக்கிட்டே இருக்கு. பாங்கு வரைக்கும் அது பொறுக்காது."

"மறுபடி அந்தத் திரைக்குப் பின்னாடியா?"

அவர் குரல் குழறியது. ஹெதியா அவர் தோளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். நடுக்கம் அவளுக்குள்ளும் இறங்கியது.

"திரையைக் கழட்டிடறேன். நாளைக்கு டாக்டர்கிட்ட ரெண்டு பேருமா போவோம். வைக்கலாம்னா அவர் சொல்ற அளவுல வை. வேண்டாம்னா மதியம் இந்த முற்றத்துல உக்காந்து சாப்பிடு, நான் பக்கத்துல இருக்கேன். விட்ட நாளைப் பிறகு வச்சுக்கலாம். உன்னை விட்டுட்டா நான் என்ன வச்சுக்கறது?"

லத்தீஃபா ஓசையில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். பூனை திரும்பி வந்து, சிதறிய பழங்களுக்கு நடுவே உட்கார்ந்தது.

ஹெதியா டம்ளரை அவர் உதட்டில் வைத்தாள்.

"வாயைத் திற, முன்ஜி. ஒரே ஒரு வாய். எனக்காக."