பூனாவுக்கு ஒரு சாக்குக் கரி

புளிக்காய்ச்சலை இறக்கி வைத்துவிட்டு அம்மிணி நிமிர்ந்தபோது, வெங்கடேஸ்வரன் காருக்கென்று வாங்கி வைத்த கரிச் சாக்கைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கைக்கே வந்துவிட்டது.

"இதுலேர்ந்து யாருடி எடுத்தா?"

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் ஆன பிறகு, ஆபீஸ் கார் முதுகில் ஒரு பீப்பாயைக் கட்டிக்கொண்டு பம்பாய் மாதுங்காவில் வந்து நிற்கும். பீப்பாயில் கரியைப் போட்டு எரித்தால் அந்தப் புகையில் வண்டி ஓடும். பூனாவுக்கு ரயிலிலேயே போகலாம். ஆனால் அம்மிணியின் அண்ணா சுப்ரமணியன் வீட்டு வாசலில் காரில் போய் இறங்கி அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று வெங்கடேஸ்வரனுக்கு ஆசை. அதே வாயால், வழியில் கண்ட இடத்தில் சாப்பிட மாட்டேன், இட்லி, புளியோதரை, தயிர்சாதம் எல்லாம் கூட வரவேண்டும் என்றும் சொல்லியிருந்தார். வீட்டுக் கரி நேற்றே தீர்ந்துவிட்டது என்று அம்மிணி சொன்னாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இட்லி என்ன, ஆகாயத்திலா வேகும்?

"சமையலுக்குத்தான்னா..."

முடிக்க விடவில்லை. முதல் அறை கன்னத்தில் விழுந்தது. அடுத்தது சாக்காலேயே. சாக்கின் வாய் பிரிந்து கரி கூடமெங்கும் சிதற, அவள் அதன்மேலேயே விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

"வண்டி என்ன தண்ணியிலயா ஓடும்? மூதேவி!" இடுப்பில் ஓர் உதை.

சின்னவன் பஞ்சு அழ வாயைத் திறந்தான். அக்கா ஷ்யாமளா அவன் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போனாள். ஒன்பது வயதில் அவளுக்கு இதெல்லாம் அத்துப்படி.

"பூனாவும் கெடயாது, ஒரு மண்ணும் கெடயாது. கட்டினதையெல்லாம் அவுத்துப் போடு!"

அடிக்கு அம்மிணி பயந்ததில்லை, அது கல்யாணமான நாளிலிருந்து பழக்கம். இந்த வார்த்தைக்குத்தான் பயந்தாள். போன மாதம் மை கொட்டியதற்காக அவர் ஷ்யாமளாவை விட்ட அறையில், குழந்தைக்கு இடது காது கேட்காமல் போய்விட்டது. மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்று டாக்டரிடம் அவர் சொன்னபோது அம்மிணியும் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். அன்று ராத்திரியே முடிவு செய்துவிட்டாள். ஒருதரம் பூனா போய்ச் சேர்ந்தால் போதும், அண்ணா வீட்டு வாசலை விட்டு நகரப் போவதில்லை, வெட்டிப் போட்டாலும் சரி. மூன்று நாள் பயணத்துக்கென்று கட்டிய டிரங்குப் பெட்டியின் அடியில், புடவைகளுக்கு நடுவே, அவளுக்குப் பிறந்த வீட்டுச் சீராக வந்த குத்துவிளக்கு இருந்தது. பெட்டியை அவிழ்த்தால் அது வெளியே வந்துவிடும்.

"செத்த இருங்கோ. கரி கொண்டு வரேன்."

அடி வாங்கினால் முகத்தின் வீக்கம் வற்றும்வரை அவள் வெளியே வரமாட்டாள். இன்றைக்குத் தலைப்பைக்கூட இழுத்துக்கொள்ளவில்லை. காலிச் சாக்கோடு வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தவர்கள் அவள் உதட்டைப் பார்த்தார்கள். கரி கிடைக்காத காலத்தில் முறத்தில் அள்ளி அள்ளிப் போட்டார்கள். எதிர்வீட்டு ருக்கு மாமி டின்னோடு கவிழ்த்தாள்.

"நாளைக்கு நாங்க அவலை நனைச்சுத் தின்னுக்கறோம். நீ எடுத்துண்டு போ."

வெங்கடேஸ்வரன் சாக்கை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா? ரெண்டு போட்டாத்தான் நோக்கு மூளையே வேலை செய்யறது."

கீழே பீப்பாயைப் பற்றவைத்தாயிற்று. காற்று போகக் கைப்பிடியைச் சுற்றவேண்டும். "ஷ்யாமளா, சுத்து!" அவர் நின்றது அவளுடைய இடதுபக்கம். குழந்தை வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கை ஓங்கியது. அம்மிணி குறுக்கே புகுந்தாள். தோளில் விழுந்ததை வாங்கிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துத் தானே சுற்ற ஆரம்பித்தாள். இந்த வண்டி ஓட வேண்டும் என்று அவளைப்போல் ஆசைப்பட்டவர்கள் அந்தத் தெருவில் வேறு யாரும் இல்லை.

அம்மிணி சாவியைக் கொடுக்க மேலே போனபோது, ருக்கு மாமி வாசலில் நின்று கூடத்தை எட்டிப் பார்த்தாள். தரை முழுக்கக் கரி.

"நீங்க போய்ச் சேந்திருப்பேள்னு ஆனப்புறம் நான் பெருக்கி வெக்கறேன், கவலைப்படாதே."

"வேண்டாம் மாமி. வண்டி கிளம்பினதும் பெருக்கிடுங்கோ."

மாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊருக்குப் போகிறவர்கள் படியிறங்கிய கையோடு யாராவது வீட்டைப் பெருக்குவார்களா? பிணம் வெளியே போன வீட்டில்தான் அப்படிப் பெருக்குவார்கள்.

"என்னடி சொல்றே, அம்மிணி?"

"நானும் குழந்தைகளும் ஏறினதும் உடனே பெருக்கிடுங்கோ."

மாமிக்குப் புரிந்தது. சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வண்டி இருமி இருமிப் புகை கக்கிக் கிளம்பியது. "திங்கக்கிழமை வண்டியை ஆபீஸ்ல விட்டாகணும், ஞாபகம் இருக்கட்டும்" என்றார் வெங்கடேஸ்வரன் வண்டியை ஓட்டிக்கொண்டே. அம்மிணி ஷ்யாமளாவின் கேட்கிற காது தன் பக்கம் இருக்கும்படி உட்கார வைத்திருந்தாள். பெட்டி அவள் காலுக்கடியில் இருந்தது. வீங்கிய உதட்டைப் புறங்கையால் ஒற்றிக்கொண்டு பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். வண்டி முனை திரும்புவதற்குள், அவர்கள் வீட்டு மூன்றாம் மாடிப் பால்கனிக் கம்பிகளுக்கு இடையிலிருந்து தெருவில் கரித்தூள் கொட்டத் தொடங்கியது.